ஆயில் டப்பாவில் முடிந்து வைத்த காசு

எங்கள் அப்பாவின் லாரியை இரண்டு வாரம் முனக வைத்தது நான்தான். என் மாமாவிடம் இதை இன்றுவரை சொன்னதில்லை. சொன்னால் அவர் இந்த வயதிலும் என்னைத் துரத்திக்கொண்டு ஓடி வருவார், பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துகொள்வார். எதற்கு வீணாக.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே, மகாபலிபுரம் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பா சொந்த லாரிக்காரர். அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதைக்காக அப்பா விடிவதற்கு முன்பே எழுந்து போக வேண்டியிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செய்யூர்ப் பக்கத்துத் தோப்புகளில் வெட்டிய சவுக்குக் கம்புகளை ஏற்றிக்கொண்டு நாவலூருக்குப் போவார். அங்கே கட்டடம் மேல் கட்டடமாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அத்தனைக்கும் சாரம் கட்டச் சவுக்கு வேண்டும். இன்று நான் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற ஆபீசுக்கும் அப்பா கொண்டுபோன கம்பில்தான் சாரம் கட்டினார்களோ என்று சில நாள் தோன்றும். அதற்குள் யாராவது ஒரு வேலையைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

லாரி பழசு. வாங்கும்போது அதில் பவர் ஸ்டியரிங் கிடையாது. பாரம் ஏற்றிய வண்டியைத் தோப்பு மணலில் திருப்பித் திருப்பி அப்பாவின் வலது தோள்பட்டை போய்விட்டது. சட்டையை மாட்டவே அம்மா கை கொடுக்க வேண்டும். அதனால் உடைக்கக் கொடுத்த வேறொரு லாரியிலிருந்து பம்பு, குழாய், ஆயில் டப்பா எல்லாவற்றையும் வாங்கி வந்து பொருத்தினார்கள். இன்ஜின் ஓடும்போது பம்பு அந்த ஆயிலை உறிஞ்சித் தள்ளும், ஸ்டியரிங் லேசாகத் திரும்பும். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். தோள் வலி குறைந்தது. ஆனால் அப்பா வீட்டுக்கு வந்ததும் நிலைப்படியிலேயே கொஞ்ச நேரம் நிற்பார். உள்ளே வருவதற்கே தெம்பைச் சேர்த்துக்கொள்கிற மாதிரி இருக்கும்.

அந்த மாதம் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அணுபுரத்தில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்ட ஆள் தேடுகிறார்கள், அப்பாவுக்குத் தெரிந்த காண்டிராக்டர் ஒருவர் கேட்டு அனுப்பியிருக்கிறார், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா இதைச் சோறு போடும்போது ஒருமுறை, தண்ணீர் வைக்கும்போது ஒருமுறை என்று தொடங்குவாள். அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"சொந்த வண்டிய வச்சிக்கினு இன்னொருத்தன் வண்டிக்கு நான் போய் நிக்கணுமா?"

லாரியில் கூடவே போகிற மாமா, அம்மாவின் தம்பி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபடி அதற்குத் தலையாட்டுவார். "அப்டிச் சொல்லு மச்சான்" என்பார். அம்மா அவர் தட்டில் மட்டும் குழம்பைக் குறைத்து ஊற்றுவாள். நானும் மனதுக்குள் மாமா கட்சிதான். லாரி இருக்கும்போது பஸ் எதற்கு? அந்த லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே என் பெயர் சிவப்பில் எழுதியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, முடிந்தாள். இப்படிக் காசு முடிந்து சாமி படத்துக்கு அடியில் வைப்பது எங்கள் வீட்டில் வழக்கம்தான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது, மாமாவுக்குப் பெண் பார்த்தபோது என்று ஏற்கெனவே இரண்டு மூன்று அங்கே இருந்தன. ஆனால் இதைச் சாமி படத்துக்கு அடியில் வைக்கவில்லை.

"இத எட்துனு போய் வண்டிலயே எங்கனா வச்சிட்டு வா. ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது. யாரு கேட்டாலும் சொல்லக்கூடாது. சொன்னா பலிக்காது."

"இன்னான்னு வேண்டிக்கினம்மா?"

"உங்கப்பா நல்லா இருக்கணும்னு. போடி."

நான் எப்போதும் லாரியில் ஏறி விளையாடுகிறவள், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அம்மாவின் கணக்கு. கணக்கு சரிதான், ஆளைத்தான் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டாள். நான் சீட்டுக்கு அடியில் வைக்கலாம் என்று பார்த்தேன். அங்கே மாமா தீப்பெட்டி தேடிக் கையை விடுவார். சாமி படத்துக்குப் பின்னால் வைக்கலாம் என்றால் அப்பா வாரத்துக்கு ஒருமுறை மாலையை மாற்றுவார். டூல்ஸ் பெட்டியை தினமும் திறப்பார்கள். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு இடம் கிடைத்தது. போன வாரம்தான் அப்பா முன்பக்கத் தகரத்தைத் தூக்கி, ஸ்டியரிங் டப்பாவில் சிவப்பாக ஆயிலை ஊற்றி மூடியைத் திருகிவிட்டு, "இனிமே ஒரு வருசத்துக்கு இத தொடவே வாணாம்" என்று மாமாவிடம் சொல்லியிருந்தார். ஒரு வருடம் யாரும் தொடாத இடம். அதுவும் வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்கிற இடம். சாமிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது என்று நினைத்தேன். டப்பாவின் வாயில் இருக்க வேண்டிய சல்லடை எப்போதோ கிழிந்து போயிருந்தது. முடிச்சு ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே இறங்கியது.

திங்கட்கிழமை சாயங்காலம் லாரி ஊருக்குள் திரும்பும்போதே சத்தம் கேட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பக் கன்றுக்குட்டி மாதிரி இழுத்து இழுத்து முனகியது. அப்பா இறங்கித் தோளைப் பிடித்துக்கொண்டே, "நடுவுல நடுவுல ஸ்டியரிங் கல்லு மாரி ஆயிடுது" என்றார். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால் வேண்டுதல் பலிக்காது. பலிக்காவிட்டால் அப்பா நன்றாக இருக்க மாட்டார். சொல்லாவிட்டால் லாரி கெட்டுப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் அன்று சோறு தின்னவில்லை. வயிற்று வலி என்று அம்மா ஓமம் அரைத்துக் கொடுத்தாள்.

மாமா உடனே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். பெல்ட்டுதான் என்றார். ஒரு சொம்புத் தண்ணீரை ஓடுகிற பெல்ட்டில் தெளித்தார்கள். பெல்ட்டு கத்தினால் தண்ணீர் பட்டதும் அடங்க வேண்டுமாம். அடங்கவில்லை. மாமாவின் சட்டைதான் நனைந்தது. அடுத்து ஆயில் குறைவு என்றார். மூடியைத் திறந்தார்கள். நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆயில் அளவாகத்தான் இருந்தது, ஆனால் மேலே நுரை கட்டியிருந்தது. காற்று இழுக்கிறது என்று சொல்லிக் குழாய் சேரும் இடங்களையெல்லாம் முறுக்கினார்கள். யாரும் அடிவரை பார்க்கவில்லை. மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி முனகாமல் ஊமை மாதிரி ஓடியது. மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். மகாபலிபுரம் ரோட்டில் ஏறிப் பத்து நிமிடத்தில் மறுபடியும் முனகியதாம்.

பிறகு செங்கல்பட்டு ரோட்டில் இருந்த மெக்கானிக்கிடம் போனார்கள். பாய் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, இன்னொன்று பாதி. ஆனால் அந்த வட்டாரத்தில் எந்த லாரி சத்தம் போட்டாலும் அவரிடம்தான் போவார்கள். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பம்பின் மேல் வைத்து, பிடியைத் தன் தாடை எலும்பில் அழுத்திக்கொள்வாராம். சத்தம் எலும்பு வழியாக அவருக்குப் போகுமாம். அப்படி வைத்துப் பார்த்துவிட்டு, "பம்புலதான் கத்துது" என்று சொல்லிவிட்டார். பம்பைக் கழற்றி, சென்னையிலிருந்து வேறொரு பழைய பம்பை வரவழைத்து மாட்டினார். மூன்று நாள் வண்டி வாயைத் திறக்கவில்லை. சாமியே முடிச்சை விழுங்கிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். நான்காம் நாள் கன்றுக்குட்டி திரும்ப வந்துவிட்டது.

அதற்குள் செய்யூர்த் தோப்புக்காரர் பொறுமை இழந்துவிட்டார். திங்கட்கிழமை வண்டி வரவில்லை என்றால் வேறு லாரிக்குச் சொல்லிவிடுவேன் என்று போனில் கத்தினார். அப்பா "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. அம்மா அவரைப் பார்ப்பதும் வேறு பக்கம் திரும்புவதுமாக இருந்தாள்.

சனிக்கிழமை பாயிடம் மறுபடியும் போகும்போது நானும் வருவேன் என்று அடம் பிடித்து ஏறிக்கொண்டேன். குற்றம் செய்தவர்களுக்கு அந்த இடத்தைச் சுற்றியே வரத் தோன்றும் என்பார்கள். வழியெல்லாம் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே போனோம். திருப்பங்களில் அப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை மல்லுக்கட்டித் திருப்பினார். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்தார்.

பாய் எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "பம்பு மாத்தி ஒரு வாரம் கூட ஆவல, அதுக்குள்ள இன்னாயா?" என்றார். ஸ்குரூ டிரைவரைத் தாடையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு அதைத் தூக்கி மேசையில் போட்டார்.

"பம்பு மேல தப்பே இல்ல. பழசு மேலயும் இல்ல. அதுக்குச் சோறு போவல, பசில கத்துது."

டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் குழாயைப் பம்புப் பக்கம் கழற்றினார். ஆயில் ஒரு சட்டியில் கொஞ்சம் வழிந்து நின்றது. குழாயின் நுனியை வாயில் வைத்து ஊதினார். டப்பாவுக்குள் குபுகுபுவென்று குமிழி வந்தது. "அடப்பே இல்லியே" என்றார் மாமா. பாய் அவரைப் பொருட்படுத்தாமல் இப்போது உறிஞ்சினார். கன்னம் இரண்டும் ஒட்டிப்போயின, ஒன்றும் வரவில்லை. மறுபடி ஊதினார், போயிற்று. மறுபடி உறிஞ்சினார், வரவில்லை. ஆயிலைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"ஊதினா போவுது, இசுத்தா வரல. உள்ள இன்னாவோ உருண்டுகினு கீது. போய்ப் போய் ஓட்டைல குந்திக்குது."

கம்பியை வளைத்து டப்பாவுக்குள் விட்டுத் துழாவினார். கொக்கியில் கருப்பாக ஒன்று தொங்கிக்கொண்டு வந்தது. என் அம்மா மஞ்சள் பூசி முடிந்த துணி தார் மாதிரி ஆகியிருந்தது. பாய் அதைச் சுற்றிய ஆயிலை வழித்து எடுத்ததும் உள்ளே காசு தெரிந்தது.

மாமா இரண்டடி பின்னால் தாண்டினார். "மச்சான், தொடாத! செய்வினை! எவனோ நம்ம மேல காண்டு பட்ச்சவன் வச்சிக்கிறான்!" என்று கத்தினார். யார் யாருக்கெல்லாம் எங்கள் லாரி மேல் பொறாமை என்று விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் வாங்கி வருகிறேன் என்று ஓடினார். இப்போதாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன், சொன்னால் பலிக்காதே.

அப்பா அந்த முடிச்சை வாங்கித் தன் லுங்கியில் துடைத்தார். துணியின் ஓரத்தில் பச்சைக் கரை ஒரு விரல் அகலத்துக்கு மிச்சம் இருந்தது. அது அவருடைய பழைய வேட்டி. அம்மாதான் அதைக் கிழித்துக் கைப்பிடித் துணிக்கு வைத்திருந்தாள். அப்பா அந்தக் கரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கத்தாதடா. நான்தான் போட்டேன். வேண்டுதல்" என்றார்.

மாமாவுக்கு வாய் மூடவில்லை. பாய் ஒரு பக்கமாகக் காதைக் கொடுத்து, "இன்னாது?" என்று கேட்டார். அப்பா இன்னும் உரக்கச் சொன்னார்.

"வேண்டுதலா? ஆயில் டப்பாலயா?"

"வேற எடம் கெடைக்கல பாய்."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். மாமா அதை வைத்து அப்பாவைப் பல வருடம் கேலி செய்திருக்கிறார். கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிச் சிரிப்பார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார், ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

பாய் டப்பாவைக் கழுவி மாட்டி, புது ஆயில் ஊற்றி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்லிக் காற்றை வெளியேற்றினார். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். தன் காதை நம்பாமல் என்னிடம் கேட்டார்.

"பாப்பா, சத்தம் கீதா?"

"இல்ல" என்றேன். உண்மையிலேயே இல்லை. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. அப்பா ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார், வெண்ணெயாகத் திரும்பியது. "சரியாப் போச்சா பாய்?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்டார், "முழுசா சரியாப் போச்சா?"

"இன்னும் பத்து வருசத்துக்கு ஓட்டுவ. கவலயே படாத" என்று பாய் கதவைத் தட்டினார்.

அப்பா ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்படப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. யாரோ அவருக்கு ஒரு கெட்ட செய்தியைச் சொல்லிவிட்டது போல இருந்தார். தோள் வலிக்கிறது போல என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மாமா திருக்கழுக்குன்றத்தில் இறங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். அடி எப்போது விழும் என்று நான் கதவோரமாக ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அப்பா கியரை மாற்றிக்கொண்டே கேட்டார்.

"அம்மா இன்னான்னு வேண்டிக்கினா?"

"நீ நல்லா இருக்கணும்னுப்பா."

"வண்டியப் பத்தி எதுனா சொல்லுச்சா?"

"இல்ல. வண்டிலயே வைக்கணும்னுதான் சொல்லுச்சு."

அப்பா லாரியை ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து யாரிடமோ பேசினார். "திங்கக்கெழமலேர்ந்து வந்துர்றேங்க" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. தோப்புக்காரரிடம்தான் பேசுகிறார், சவுக்கு லோடு கைவிட்டுப் போகவில்லை என்று நினைத்து, நான் சாமிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அப்பா பேசியது அணுபுரத்துப் பஸ் காண்டிராக்டரிடம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மாதமே லாரி விற்றுப்போயிற்று. செய்யூரிலிருந்து ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். என் பெயர் எழுதியிருந்த லாரி தெருக்கோடியில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் போடாமல் திரும்பியது. மாமா அதே லாரியோடு செய்யூருக்கே வேலைக்குப் போய்விட்டார், அப்பாவோடு ஒரு வருடம் பேசவில்லை. நான் முடிச்சை வைக்கக் கூடாத இடத்தில் வைத்ததால் வேண்டுதல் கெட்டுப்போய் லாரி போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன். வேலைக்குப் போகும் வயது வரைக்கும் அந்தக் குறை எனக்குள் இருந்தது. ஒருநாள் அம்மாவிடம் அதைச் சொல்லப்போக, அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வண்டி தொலையணும்னுதான்டி வேண்டிக்கினேன். வேற இன்னாத்துக்கு?" என்றாள். அந்த வண்டி சரியாகாமலே போயிருந்தால் அப்பாவுக்கும் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னால் முடியவில்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

இதெல்லாம் ஒன்பது வயதில் எப்படித் தெரியும்? அப்பா பஸ் ஓட்டப் போன முதல் வாரம், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்தேன். காலைச் சவாரியை முடித்துவிட்டு வந்திருந்த அப்பா, கோரைப்பாய்கூட விரிக்காமல் சிமெண்டுத் தரையில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பகல் வெளிச்சத்தில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. லாரி போன துக்கத்தில் விழுந்துவிட்டார் என்று நினைத்து, ஓவென்று அழ ஆரம்பித்தேன். அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.

"அப்பா பாவம்மா" என்றேன் அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து.

"ஆமா, பாவம். கத்தி எழுப்பிடாத" என்று சொல்லிவிட்டு அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. அந்தச் சிரிப்புக்காக நான் அவளோடு மூன்று நாள் பேசவில்லை.